பிசின் போக்கிய சரித்திரம்

அரசர்கள் முடிசூடியதும், படை நடத்தியதும், கோட்டை பிடித்ததுமே சரித்திரம் என்று கற்றுவந்தவர்களுக்கு, அடுப்படிப் போத்தலில் ஒட்டிக்கிடக்கும் பிசுக்கிற்கும் ஒரு சரித்திரம் உண்டு என்றால் நகைப்பே உண்டாகும். நகைக்கட்டும். கோட்டை பிடித்தவன் பெயரை அறியாமல் ஒரு குடும்பம் ஆயுள் முழுவதும் சுகமாய் வாழலாம். பிசுக்கைப் போக்கத் தெரியாமல் ஒரு வாரங்கூட வாழ முடியாது. அதிலும் செமினி, காஜாங், பெரனாங் முதலிய உலு லங்காட் பகுதித் தமிழர்களாகிய நமக்கு இச்சரித்திரம் அந்நியமானதன்று. உலகத்து வீடுகளிலெல்லாம் ஒட்டிக்கொண்டு, போகமாட்டேன் என்று அடம் பிடித்த பிசினுக்கு மூலமான பாலை, இருட்டில் எழுந்து போய் மரத்திலிருந்து இறக்கிக் கொடுத்த கைகளில் நம்மவர் கைகளே மிகுதி.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீட்டுமனைகளாக மாறியபின், லயத்து வீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் பல அடுக்குமாடிகளிலும் தாமான் வீடுகளிலும் குடியேறின. அங்கே வாங்கி வைத்த சாமான் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் என்னும் ஒட்டுச்சீட்டு ஒன்று இருக்கிறது. குளிர்ப்பெட்டியின் கதவில், சன்னல் கண்ணாடியில், பிளாஸ்டிக் வாளியில், ஊறுகாய் போத்தலில் எங்கும் அதுவே. சீட்டை உரித்தால் காகிதம் வருகிறது, பிசின் நிற்கிறது. நின்ற பிசினில் தூசி படிந்து இரண்டே நாளில் கறுத்த பிசுக்காகிவிடுகிறது. புதுமனை புகுவோர் வாசற்கதவில் ஒட்டும் திருஷ்டிப் பூதத்தின் படமும் இவ்வகையே. கண்ணேறு கழிந்ததோ இல்லையோ, வீடு மாறும் நாளில் பூதத்தின் பிசின் மட்டும் கதவை விட்டுக் கழிவதில்லை. கத்தியால் சுரண்டிக் கதவைக் கீறிக்கொள்வோரும், தின்னரை ஊற்றிப் பளபளப்பான மேஜையைப் பாழாக்குவோரும், மண்ணெண்ணெயைச் சர்பத்துப் போத்தலில் ஊற்றிச் சமையலறை மூலையில் வைத்துக் குழந்தைகளுக்கு யமனை விலைக்கு வாங்குவோரும் நம்மில் இல்லாமல் இல்லை. பிசின் இன்னதென்று அறிந்தால் இவ்வளவு பாடு வேண்டியதில்லை.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். பெயர்களிலேயே பாதிச் சரித்திரம் அடங்கிக் கிடக்கிறது. மலாய்க்காரர் இப்பாலைக் 'கெத்தா' என்றனர். மரஞ்செடிகளிலிருந்து வடியும் ஒட்டும் பாலுக்கும் பிசினுக்கும் அவர்கள் மொழியில் பொதுப்பெயர் அதுவே. நம்மவர் அதைக் 'கித்தா'வாக்கிக் கித்தாக்காடு, கித்தாமரம் என்று வழங்கினர். ஆக, மலாய்க்காரரும் நாமும் அவ்வஸ்துவை அதன் ஒட்டும் குணத்தால் அறிந்தோம். ஆங்கிலேயர் இட்ட பெயரோ இதற்கு நேர் எதிரானது. 'ரப்பர்' என்றால் தேய்ப்பது, தேய்த்து அழிப்பது என்று பொருள். 1770-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்னும் இங்கிலாந்துப் பேரறிஞர், தூரமும் கிட்டமும் கண்ணுக்குத் தோன்றச் சித்திரம் எழுதும் முறையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். காகிதத்தில் படிந்த கரிக்கோற் கோட்டைத் துடைத்தெடுக்க மிகவும் ஏற்ற பொருள் ஒன்றைத் தாம் கண்டதாக அதில் குறித்தார். அரை அங்குல அளவுள்ள ஒரு கட்டி, கருவிகள் செய்து விற்ற எட்வர்ட் நேர்ன் என்பவர் கடையில் மூன்று ஷில்லிங்குக்கு விற்றது. அதற்கு முன் அந்நாட்டார் ரொட்டித் துண்டினால் தேய்த்தே அழித்துவந்தனர். ஆங்கிலப் பாடசாலையில் பயின்ற நாம், பிரீஸ்ட்லி என்றால் பிராணவாயுவைக் கண்டவர் என்று மனனம் செய்தோம். நம் பாட்டன்மார் உயிரைக் கொடுத்து வளர்த்த மரத்தின் பெயருக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தத்தை எவரும் நமக்குச் சொல்லித்தரவில்லை.

ஒட்டுகின்ற வஸ்துவுக்கே ஒட்டியதை அகற்றும் தொழிலின் பெயர் அமைந்ததில் முரண்பாடு ஒன்றுமில்லை. அது ஒட்டுகின்ற காரணத்தினாலேயே அகற்றவும் செய்கிறது. காகிதத்தில் தளர்வாய்ப் படிந்த கரித்தூளைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொண்டு, காகிதத்தை விட்டு நீங்குகிறது. முள்ளை முள்ளால் எடுப்பது என்று நம்மவர் சொல்வது இதுதான். இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

தமிழர் வீட்டுக்குப் பிசின் புதிதன்று. நம் வீடுகளில் வழங்கிய ஒட்டுப்பொருள்கள் இரண்டு குலத்தவை. (குலம் என்னும் சொல்லை மனிதருக்கு வழங்க நமக்குச் சம்மதமில்லை, பிசினுக்கு வழங்குவதில் தடையில்லை.) அரிசிக் கஞ்சி, மைதாப் பசை, கருவேலம் பிசின் என்பன ஒரு குலம். இவை நீருக்கு இளகுவன. ஈரத்துணியைப் போட்டு வைத்தால் தளரும், கழுவினால் போய்விடும். 1840-ல் இங்கிலாந்து வெளியிட்ட உலகின் முதல் தபால்தலையின் பின்புறத்துக் கோந்தும் இக்குலத்ததே. நாவால் நனைத்து ஒட்டலாம். தண்ணீரில் ஊறவைத்துக் கழற்றலாம்.

மற்றொரு குலம் பலாப்பழத்தின் பிசின், ஆலம்பால் போன்றவை. இவற்றிடம் நீரின் ஜம்பம் செல்லாது. பலாப்பழம் அறுக்கப் புகுமுன் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொள்ளாத தமிழ்ப்பெண் உண்டோ? தடவ மறந்தவள் கையைச் சோப்பிட்டு நூறுமுறை கழுவினாலும் பிசின் போகாது. சிறிது தேங்காயெண்ணெய் விட்டுத் தேய்த்தால் கழன்று வரும். அதன்பின்னரே சோப்பு, அது எண்ணெயைக் கழுவுவதற்கு. நீரினம் நீரோடு, எண்ணெயினம் எண்ணெயோடு என்பது இரசாயன சாஸ்திரத்தின் பாலபாடம். நம் பாட்டிமார் பாடசாலை வாசலை மிதிக்காமலே அப்பாடத்தை அரிவாள்மனையின் முன் உட்கார்ந்து கற்றிருந்தனர். ஐரோப்பியப் பண்டிதர்கள் ரப்பரிடம் அதைக் கற்கப் பட்ட பாடு பெரிது.

தென்னமெரிக்கக் காடுகளில் வாழ்ந்த பழங்குடி மக்கள், பால் இறங்கிய சூட்டோடு அதை அச்சின்மேல் பூசிப் புகையில் வாட்டிக் காலணியும் குடுவையும் செய்துகொண்டனர். ஐரோப்பாவுக்குக் கப்பலேறிப் போனது பாலன்று, இறுகிய கட்டி. அக்கட்டியை மறுபடி இளக்கினாலன்றி எதன்மேலும் பூச முடியாது. நீரில் அது கரையவில்லை. 1763-ல் பிரெஞ்சு தேசத்து ஹெரிசான், மாக்கர் என்னும் இருவர் கற்பூரத் தைலம் எனப்படும் டர்ப்பண்டைனில் அதை இளக்கினர். 1768-ல் மாக்கர் ஈதரில் கரைத்துக் காட்டினார். 1823-ல் கிளாஸ்கோ நகரத்துச் சார்ல்ஸ் மாக்கிண்டாஷ், நிலக்கரித் தாரிலிருந்து வடித்த நாப்தா என்னும் எண்ணெயில் ரப்பரைக் கரைத்து, இரண்டு துணிகளுக்கிடையே பூசி, மழைச்சட்டை செய்ய உரிமம் பெற்றார். மழைச்சட்டைக்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே இன்றும் வழங்குகிறது. பிற்காலத்தில் நம் தோட்டத்துப் பெண்கள் சேலையில் படிந்த பாலைப் போக்க மண்ணெண்ணெயைத் தேடியதும், மாக்கிண்டாஷ் நாப்தாவைத் தேடியதும் ஒரே சாஸ்திரத்தின்பாற்பட்டவை. அவர் பூசுவதற்காகக் கரைத்தார். இவர்கள் போக்குவதற்காகக் கரைத்தனர். அவருக்கு உரிமமும் புகழும் கிடைத்தன. இவர்களுக்குக் கைகளில் வெடிப்பும் அரிப்பும் கிடைத்தன.

மாக்கிண்டாஷின் சட்டைக்கு ஒரு பெருங்குறை உண்டு. குளிரில் விறைத்துப் பலகையாகும். வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும். 1830-களில் அமெரிக்காவில் ரப்பர் மோகம் தலைக்கேறிக் கம்பெனிகள் பல எழுந்தன. கோடை வந்ததும் அவர்கள் விற்ற காலணிகளும் சட்டைகளும் நாற்றமெடுத்த களியாகித் திரும்பி வந்தன. கடனுக்காகச் சிறை கண்ட இரும்புச் சாமான் வியாபாரி சார்ல்ஸ் குட்இயர் இவ்விடத்தில் தோன்றுகிறார். அம்மனிதரின் பிற்பாதி வாழ்க்கை முழுவதையும் ஒரே வரியில் சொல்லிவிடலாம்: ரப்பரின் பிசுபிசுப்பை ஒழிப்பது எப்படி? மக்னீஷியாத் தூளைக் கலந்து பார்த்தார். சில நாள் உலர்ந்திருந்து மறுபடி ஒட்டியது. நைட்ரிக் அமிலத்தில் நனைத்தார், மேல்தோல் வழவழப்பாயிற்று. அம்முறையில் சர்க்காருக்கென 150 தபால் பைகள் செய்து தொங்கவிட்டார். வெப்பத்தில் அவை இளகிக் கைப்பிடி அறுந்து விழுந்தன. நதானியல் ஹேவர்ட் என்பவர் கந்தகத்தைத் தூவி வெயிலில் காட்டினால் மேற்பரப்பின் பிசுக்கு நீங்குவதைக் கண்டிருந்தார். அவ்வுரிமையை வாங்கிய குட்இயர், 1839-ல் கந்தகம் கலந்த துண்டு சூடான அடுப்பின்மேல் பட்டபோது, அது இளகாமல் தோல்போல் பதப்பட்டதைக் கண்டுகொண்டார். 1844-ல் உரிமம் பெற்றார். 1860-ல் இறந்தபோது அவர் விட்டுச்சென்றது ஏறத்தாழ 2 லட்சம் டாலர் கடன். அவர் பெயர் பொறித்த டயர்க் கம்பெனி 1898-ல் பிறர் தொடங்கியது. அவர் குடும்பத்துக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமுமில்லை.

கந்தகமும் சூடும் செய்வது யாதெனில், ரப்பரின் நீண்ட இழைகளை ஒன்றோடொன்று முடிச்சிட்டுப் பிணைப்பதுதான். முடிச்சு விழுந்தபின் இழைகள் வழுகுவதில்லை, ஆகவே ஒட்டுவதுமில்லை. எண்ணெயில் போட்டாலும் ஊறிப் பருக்குமேயன்றிக் கரைவதில்லை. முடிச்சு விழாத ரப்பரோ ஒட்டும் குணத்தை விடுவதில்லை. டயர்க்காரனுக்கு அது குற்றம்; பிசின் காய்ச்சுபவனுக்கு அதுவே முதல்.

இனி மரம் நம்மிடம் வந்த கதை. 1876-ல் ஹென்றி விக்ஹாம் பிரேசிலிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 விதைகளில், லண்டனை அடுத்த கியூ தோட்டத்தில் முளைத்தவை நூற்றுக்கு நான்குகூட இல்லை. அக்கன்றுகளில் பெரும்பாலானவை இலங்கைக்கும், 1877-ல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கும் வந்தன. 1888-ல் சிங்கப்பூர்ப் பூங்காவின் தலைவராக வந்த ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் அதே காயத்தை நாள்தோறும் மெல்லியதாகச் சீவிப் பால் எடுக்கும் முறையைக் கண்டார். ரப்பர் நடுங்கள் என்று அவர் கண்டவரிடமெல்லாம் சொன்னதால் துரைமார் அவருக்குப் பைத்தியக்காரர் என்று பட்டம் சூட்டினர். காப்பி விலை வீழ்ந்தது, பைத்தியக்காரர் புத்திசாலியானார். செமினிக்கு அண்டையிலுள்ள காஜாங்கில் இஞ்ச் கென்னத் தோட்டத்துக் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890-களின் நடுவில் ரப்பர் நட்டனர்; 1896-ல் மலாக்காவில் டான் சாய் யான் நட்டார். இந்நாட்டில் வியாபாரத்துக்கென நட்டோரில் முதல்வர் இவர்களே. 1910-ல் லண்டனில் ஓர் இராத்தல் ரப்பர் 12 ஷில்லிங்குக்கு மேல் விற்றது. கங்காணிமார் கப்பலேறித் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்கு ஓடினர். அவர்களைப் பின்தொடர்ந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்தம் பிள்ளைகளுமே இன்று இப்பக்கத்தைப் படிப்போரில் பலர்.

பால்வெட்டுத் தொழிலைப் பற்றி எழுதியோர் அதிகாலைக் குளிரையும் கொசுவையும் அட்டையையும் எழுதினர். பிசினைப் பற்றி எழுதியோர் அரியர். ஆகவே இதைச் சற்று விரித்துச் சொல்வோம்.

விடியுமுன் பெரட்டு. வெயில் ஏறுமுன் மரத்தினுள் நீரின் அழுத்தம் மிகுந்திருப்பதால் அப்போதுதான் பால் நன்றாக ஓடும். ஒருவர் நிரையில் முந்நூறு, நானூறு மரங்கள். ஒவ்வொரு மரத்திலும் முந்தின நாள் வெட்டில் காய்ந்து கிடக்கும் ஒட்டுப்பாலை நீள உரித்தெடுத்து, உளியால் பட்டையைச் சீவி, மங்கைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்கு ஓடவேண்டும். புதுப்பால் நீரினத்தைச் சார்ந்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு ரப்பர். மிகுதியிற் பெரும்பகுதி தண்ணீர். ரப்பர் நுண்ணிய துளிகளாக அத்தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும். அந்நேரத்தில் கையில் பட்டாலும் துணியில் பட்டாலும் பச்சைத் தண்ணீரே போதும். சில நாழிகை சென்றால் காற்றிலுள்ள கிருமிகள் பாலில் புளிப்பை உண்டாக்கும், துளிகள் ஒன்றோடொன்று திரளும், நீர் பிரியும், நீரினமாயிருந்தது எண்ணெயினமாகிவிடும். ஆலையில் அமிலம் விட்டு உறைய வைப்பதும் இதே மாறுதலை விரைவில் நடத்துவதற்காகத்தான்.

ஆக, சேலையில் தெறித்த பாலைக் கழுவும் காலம் தெறித்த உடனேதான். ஆனால் காட்டுக்குள் அவளுக்குத் தண்ணீர் ஏது, நிற்க நேரம் ஏது? விடியலில் தெறித்த பால், காண்டாவில் வாளிகளைச் சுமந்துபோய் நிறுத்துக் கொடுத்து, நண்பகலுக்குமேல் லயத்துக்குத் திரும்புவதற்குள் இழையோடு இழையாக இறுகிவிடும். பிறகு காற்றுப்பட்டுக் கறுக்கும். பாலிலேயே உள்ள ஒரு சத்துதான் அக்கறுப்புக்குக் காரணம். வெளிர்நிறச் சீட்டு வேண்டும் ஆலைகளில் அக்கறுப்பைத் தடுக்க மருந்து கலப்பார்கள். சீட்டுக்கு மருந்து உண்டு, சேலைக்கு இல்லை. பால்வெட்டுக்கென்று ஒதுக்கிய பழந்துணியும் அதன்மேல் அணிந்த முழுக்கைச் சட்டையும் நாளடைவில் விறைத்து, புளித்த நாற்றத்துடன், தரையில் தானே நிற்கும் நிலைக்கு வரும்.

இங்கேதான் நமக்குச் சொல்லவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. கிராணி வேலை பார்க்கும் நாம் கணக்கேட்டை அறிவோம். மரத்தின் காயத்தில் ஒட்டிய பால் கணக்கில் உண்டு: அது ஒட்டுப்பால். மங்கில் ஒட்டி உறைந்ததும் கணக்கில் உண்டு: அது கட்டிப்பால். மரத்தடி மண்ணில் சிந்தி இறுகியதைக்கூடப் பொறுக்கிக் கழுவி மட்டச் சரக்காக விற்றனர். மரத்தில் ஒட்டியதற்கு ஒரு விலை, மங்கில் ஒட்டியதற்கு ஒரு விலை, மண்ணில் ஒட்டியதற்கு ஒரு விலை. வெட்டியவள் துணியிலும் தலைமயிரிலும் நகக்கண்ணிலும் ஒட்டியதற்கு மட்டும் கலம் இல்லை. அதைப் போக்க அவள் மாலையில் கிணற்றடியிலும் குழாயடியிலும் செலவிட்ட நேரத்துக்குச் செக்ரோலில் கோடு இழுக்கப்படவில்லை. அவள் வாங்கிய சோப்புக்கும் மண்ணெண்ணெய்க்கும் எவரும் படி அளக்கவில்லை. கணவன் சட்டையையும் அவளே துவைத்தாள். 1920-களின் பிற்பகுதியில் முக்கியப் பகுதிகளுக்குச் சர்க்கார் நிர்ணயித்த நாட்கூலி ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. பத்துக் காசு குறைத்து வாங்கியவள் தலையில்தான் இருவர் பிசுக்கும் ஏறியது.

ஆலை வாசலில் இரண்டு குழாய்களும், பால் நிறுத்தவுடன் கை கால் கழுவி மேற்சட்டையை அலச அரைமணி நேரமும் கூலியோடு கொடுத்திருந்தால், இதில் பாதித் தொல்லை இல்லாமற் போயிருக்கும். பால் உறையாமலிருக்க அமோனியா என்னும் காரத்தை ஆலைகள் அறிந்திருந்தன. சற்றே இறுகத் தொடங்கிய பாலைத் துணியிலிருந்து தளர்த்தவும் அக்காரம் உதவும். சரக்கைக் காக்கக் கற்ற சாஸ்திரத்தில் ஒரு சொட்டு, சரக்கு எடுப்பவளின் துணிமேல் விழவில்லை. நம் மலாய் அண்டைவீட்டாரிடம் ஒரு பழமொழி உண்டு: பலாப்பழம் தின்றவன் ஒருவன், பிசின் பட்டவன் வேறொருவன் என்பது அதன் கருத்து. பிசினுக்கு அவர்கள் அதில் வழங்கும் சொல்லும் கெத்தாவே.

கப்பலேறிப் போன பால் பல வேடம் பூண்டு திரும்பியது. 1845-ல் அமெரிக்காவில் ஷீகட், டே என்னும் இருவர், ரப்பரைக் கரைத்து மரப்பிசினோடு சேர்த்துத் துணியில் தடவிக் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரிக்கு உரிமம் பெற்றனர். தோல் புண்ணாகாதிருக்கத் துத்தநாக பஸ்பம் சேர்த்தது அந்நூற்றாண்டின் கடைசியில். 1920-ல் ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனியில் பஞ்சு வாங்கும் வேலையிலிருந்த ஏர்ல் டிக்சன், சமையலறையில் அடிக்கடி விரலை வெட்டிக்கொண்ட தம் மனைவிக்காக, பிளாஸ்திரியின் நடுவில் பஞ்சுத்துணி வைத்துக் கொடுத்தார். நம் தோட்டத்து மருந்தகத்தில், உளியால் விரல் வெட்டுண்டவனுக்கு டிரசர் ஒட்டிவிட்டதும் அவன் வெட்டிய மரத்தின் இனமேயாம்.

பிசின் வரலாற்றில் நாம் மிகவும் மதிக்கும் மனிதர் ரிச்சர்ட் டுரூ. அமெரிக்காவில் இரட்டை வர்ணக் கார்கள் நாகரிகமாயிருந்த காலத்தில், ஒரு நிறத்தை மறைத்து மறுநிறம் பூசக் காகிதத்தைப் பசையால் ஒட்டுவார்கள். உரிக்கும்போது வர்ணமும் உரிந்து வரும். அல்லது பசை நின்றுவிடும். திரீ எம் கம்பெனியின் ஆய்வுக்கூட உதவியாளராயிருந்த டுரூ, வர்ணம் பூசுவோரின் வசைமொழியைக் காதால் கேட்டு, நன்றாக ஒட்டி, எடுக்கும்போது மிச்சமின்றி வரும் நாடாவை 1925-ல் செய்தார். ஒட்டவைப்பது எளிது, பிசுக்கின்றிப் பிரிய வைப்பதே வித்தை என்பதை முதலில் உணர்ந்து உழைத்தவர் அவரே எனலாம். 1930-ல் கண்ணாடி போன்ற நாடாவையும் அவர் கண்டார். 1935-ல் ஸ்டாண்டன் ஏவரி என்பவர் நனைக்காமல் ஒட்டும் பெயர்ச்சீட்டு வியாபாரத்தைத் தொடங்கினார். 1964-ல் ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன் தேசம், நாவால் நனைக்க வேண்டாத தபால்தலையை உலகில் முதன்முதல் வெளியிட்டது. நீரினக் கோந்தின் நாட்கள் அத்துடன் எண்ணப்பட்டன. இன்று நம் வீட்டு வேலியிலும் மின்கம்பத்திலும் இரவோடிரவாக ஒட்டிப்போகும் வட்டிக்கடைச் சீட்டுவரை எல்லாம் எண்ணெயினமே. 1942-ல் மலாயா ஜப்பானியர் வசமானதும், பால் கிடைக்காத அமெரிக்கா மண்ணெண்ணெய்க் கிணற்றிலிருந்தே செயற்கை ரப்பர் செய்யப் பெருமுயற்சி எடுத்தது. அதன்பின் பிசின்களிலும் செயற்கைச் சரக்கு மிகுந்தது.

இவ்வளவும் அறிந்தபின் பிசுக்கைப் போக்குவது பெரிய காரியமன்று. முதலில் அது எக்குலம் என்று சோதிக்க வேண்டும். ஈரத்துணியைக் கால்மணி நேரம் போட்டு வைத்தால் தளருமாயின் வேறொன்றும் வேண்டாம். தளராவிடில் எண்ணெயினம். மேற்காகிதத்தை உரித்துவிட்டு, தேங்காயெண்ணெயோ சமையலுக்கான வேறு எண்ணெயோ தாராளமாகத் தடவி ஒருமணி நேரம் விட்டுவிடுக. எண்ணெய் மெல்ல ஊறிப் பிசினைப் பருக்கச் செய்து, பரப்பின்மேல் அதன் பிடியைத் தளர்த்தும். அவசரப்பட்டு உடனே தேய்ப்பவர் பிசினைப் பரப்புவாரேயன்றிப் போக்கமாட்டார். பின் பழந்துணியால் துடைத்து, பாத்திரச் சோப்பும் வெந்நீரும் இட்டால் தீர்ந்தது. சோடா உப்பை எண்ணெயில் குழைத்துத் தேய்த்தால் வேலை விரையும். ஆனால் பளபளப்பான பரப்பில் வேண்டாம். எண்ணெய்க்கு அசையாத பழம் பிசினுக்கு நீலகிரித் தைலம் ஒரு சொட்டுப் போதும். செயற்கைப் பிசின் சில எண்ணெயைவிட மருந்துக்கடைச் சாராயத்துக்கு எளிதில் பணியும். இவை மூன்றும் வர்ணத்தையும் மெருகையும் கெடுக்கக் கூடியவை. மறைவான மூலையில் முதலில் தொட்டுப் பார்க்கவும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தையும் தின்னரையும் பிளாஸ்டிக்கின் கிட்டே கொண்டுபோகாதீர்கள். பிசினைக் கரைக்குமுன் பாத்திரத்தையே கரைத்துவிடும்.

எண்ணெய் படக்கூடாத துணிக்கும் மரச்சாமானுக்கும் வேறு வழி உண்டு. குட்இயரை அலைக்கழித்த அதே குணத்தைக் கையாளலாம்: வெப்பத்தில் ரப்பர் இளகும், குளிரில் விறைக்கும். மயிர் உலர்த்தும் கருவியால் இளஞ்சூடு காட்டிச் சீட்டைத் தாழ்ந்த கோணத்தில் மெல்ல இழுத்தால் பெரும்பாலும் பிசினோடு சேர்ந்தே வரும். சேலையில் ஒட்டியதையோ குளிர்ப்பெட்டியின் உறைபனி அறையில் வைத்து, விறைத்தபின் உதிர்க்கலாம்.

மண்ணெண்ணெயைப் பற்றி ஒரு வார்த்தை. அது பிசினைக் கரைக்கும் என்பதில் ஐயமில்லை. நம் லயங்களில் அதுவே கைகண்ட மருந்தாயிருந்தது. அடுப்புக்கருகில் மண்ணெண்ணெயில் நனைந்த துணி எத்தகைய ஆபத்து என்பதைச் சொல்லவேண்டியதில்லை. தோலின் இயற்கை எண்ணெயையும் அது கரைத்துவிடுவதால் கை வெடிக்கும். குழந்தை குடித்துவிட்டால் வயிற்றைவிட நுரையீரலுக்கே கேடு அதிகம். ஆகையால் வாந்தி எடுக்கவைக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். நீலகிரித் தைலத்தைக் குடித்தாலும் ஆபத்தே. தேங்காயெண்ணெய் இருக்கும் வீட்டில், மூடி பிசகிய போத்தலில் மண்ணெண்ணெய் எதற்கு?

முள்ளை முள்ளால் எடுப்பதைச் சொல்லாமல் விட்டோம். கண்ணாடியில் நிற்கும் மெல்லிய பிசினைப் பெருவிரலால் தேய்த்து உருட்டினால் சிறு உருண்டையாகத் திரளும். அவ்வுருண்டையை மேலும் உருட்டினால் மிச்சத்தையும் அதுவே ஒட்டியெடுக்கும். பிசினுக்குக் கண்ணாடிமேலுள்ள பற்றைவிடத் தன்னினத்தின்மேலுள்ள பற்று அதிகம். மேனாடுகளில் சித்திரக்காரரும் புத்தகம் கட்டுவோரும் இதற்கென்றே பதமிட்ட ரப்பர்க் கட்டி ஒன்றைக் கடையில் விலைகொடுத்து வாங்குகிறார்கள். ஒட்டுப்பால் இழையைச் சுற்றிச் சுற்றிப் பந்து செய்து விளையாடிய நம் தோட்டத்துப் பிள்ளைகளிடம் அக்கட்டி காசின்றி இருந்தது. செமினியைச் சுற்றிச் செம்பனைக்கும் புதுவீடுகளுக்கும் தப்பி ஓரஞ்சாரத்தில் நிற்கும் பழைய பால்மரம் எதிலாவது இன்றும் உளி படுமாயின், மங்கின் உட்புறத்தில் காய்ந்த தோலை உரித்து, கழுவி, நிழலில் உலர்த்தி, உருட்டி வைத்துக்கொள்ளலாம். ஊறுகாய் போத்தலுக்கு அது போதும்.